பல்லக்கா நேர்முகத்துக்குப் போகிறார்

கடைவாய்ப்பல்லின் நாலாவது மேட்டைச் செதுக்கிக்கொண்டிருக்கும்போது அவரிடம் யாரும் பேசக்கூடாது. அது தெரியாமல் நான் பேசிவிட்டேன். திறந்திருந்த கதவருகே நின்று, "கொஞ்சம் சர்க்கரை இருக்குமா?" என்று கேட்டேன். கத்தி வழுக்கியது. பச்சை நிறக் குளியல் சோப்பில் முக்கால்வாசி உருவாகியிருந்த பல்லின் ஒரு மூலை உடைந்து பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் விழுந்தது.

அவர் குனிந்து அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"போச்சு. இதுக்கு இனிமே வேர் சிகிச்சைதான்," என்றார். "சர்க்கரை எதுக்கு சார் உங்களுக்கு? இருக்கிற பல்லையாவது வெச்சுக்குங்க."

ஆனாலும் ஒரு கிண்ணம் நிறையக் கொடுத்தனுப்பினார்.

மூன்றாவது மாடியில் எங்கள் வீட்டுக்கு நேர் எதிர் வீடு அவருடையது. என்னைவிட எட்டு வயது இளையவர். இருந்தாலும் கட்டடத்தில் எல்லோருக்கும்போல எனக்கும் அவர் பல்லக்காதான். பெயர் வைத்தவர்கள் இங்கே உள்ள குழந்தைகள். எந்த வீட்டில் பால்பல் விழுந்தாலும் அதைக் காகிதத்தில் மடித்து அவரிடம் கொண்டு வருவார்கள். அவர் உள்ளங்கையில் வைத்து ஒருமுறை உருட்டிப் பார்த்துவிட்டு, "கீழ் வரிசை. இடது பக்கம். ரெண்டாவது. ராத்திரி சாக்லேட் தின்னுட்டு வாய் கொப்புளிக்காம தூங்கற ஆளு," என்பார். குழந்தை வாயைப் பொத்திக்கொண்டு ஓடும். அம்மாக்கள் சந்தோஷப்படுவார்கள்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. பேசும்போது எதிராளியின் கண்ணைப் பார்க்கமாட்டார், வாயைத்தான் பார்ப்பார். புதிதாக வருகிறவர்கள் உதட்டில் ஏதோ ஒட்டியிருக்கிறதென்று நினைத்துத் துடைத்துக்கொள்வார்கள். தொலைக்காட்சியில் செய்தி வந்தால் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பார். "இந்தாளு சிரிப்பு சொந்தம், பல்லு மட்டும் வெளியில வாங்கினது," என்று தீர்ப்பு வரும். பல்லின் நிறங்களுக்கு அவர்கள் தொழிலில் எழுத்தும் எண்ணும் போட்டு ஒரு வரிசை உண்டாம். முதல் சந்திப்பிலேயே எனக்கு என் எண்ணைச் சொல்லிவிட்டார்.

"நீங்க ஏ-மூணரை சார். காபியைப் பாதியாக் குறைச்சா மூணுக்கு வரலாம்."

நான் குறைக்கவில்லை. நாலை எட்டிவிடுவேன் என்று நினைக்கிறேன்.

பொய்ப்பல் செய்யும் கூடத்தில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவர் அவர். பல் மருத்துவர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். அதை வைத்து மெழுகில் வடித்து, முழு செட்டோ, ஒற்றைப் பல்லோ, நடுவில் விழுந்த மூன்றுக்குப் பாலமோ செய்து திருப்பி அனுப்புவது இவர்கள் வேலை. வாய்க்குச் சொந்தக்காரரை ஒருநாளும் பார்க்க முடியாது. "இந்த ஊர்ல பல பேர் என் பல்லாலதான் கடிக்கறாங்க, சிரிக்கறாங்க, பொண்டாட்டிகிட்ட சண்டை போடறாங்க. ஒருத்தருக்கும் என்னைத் தெரியாது," என்பார். அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. ஒளிந்திருந்து வேடிக்கை பார்க்கிறவரின் குஷிதான் இருந்தது.

மகள் பிறந்ததும் ஆறு மாதம் விடுப்பு எடுத்தார். பிறகு குழந்தைக்கு அடிக்கடி காய்ச்சல் என்று இன்னோர் ஆறு மாதம். பிறகு கணவருக்கு வேலை மாற்றம். பிறகு மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். "ஆறு மாசம்னு சொல்லிட்டு வந்தேன் சார். அந்த ஆறு மாசம் இருபத்தாறு தடவை வந்துச்சு." பதின்மூன்று வருடங்களை இப்படிச் சொல்லும் ஒரே ஆள் அவர்தான். மாமனார் எழுந்து நடந்து, பெரிய மகன் வீட்டுக்குப் போயே நாலு வருடம் ஆகிவிட்டது.

விளம்பரத்தைக் கண்டுபிடித்தது மகள். பள்ளிக்கூடப் பையைக்கூட இறக்காமல் கைப்பேசியை நீட்டி, "ம்மா, இது நீதானே?" என்று கேட்டாளாம். அனுபவமுள்ள பல் தொழில்நுட்பர் தேவை. பெரிய கூடம், இரண்டு பேருந்து மாறிப் போகிற தூரம். அம்மா வேண்டாம் என்று சொல்லிமுடிப்பதற்குள் மகள் விண்ணப்பத்தை நிரப்ப ஆரம்பித்துவிட்டாள். ஓர் இடத்தில் மட்டும் மாட்டிக்கொண்டார்கள். 'பணியில் இடைவெளி இருப்பின் காரணம்' என்று கேட்டு, பதில் எழுத ஒரே ஒரு சின்னக் கோடு விட்டிருந்தார்கள்.

"இடைவெளியைக் கண்டா எங்க தொழில்ல யாரும் பயப்படமாட்டாங்க. அதுல என்ன வைக்கலாம்னுதான் பார்ப்போம். அப்படியே எழுது," என்றார் பல்லக்கா.

"இந்த ஜோக்கை அங்க போய்ச் சொன்னே, நான் பெரியப்பா வீட்டுக்குப் போயிடுவேன்," என்றாள் மகள். 'குடும்பப் பொறுப்புகள்' என்று எழுதி அனுப்பினாள்.

பத்தாம் நாள் நேர்முகத்துக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தது. அன்றிலிருந்து அந்த வீட்டில் சோப்பு தங்கவில்லை. கை பழக வேண்டுமாம். முதலில் துணி சோப்பு, பிறகு குளியல் சோப்பு, பிறகு மெழுகுவர்த்தி, கடைசியில் முள்ளங்கி. குளிர்பெட்டியைத் திறந்தால் தட்டில் வரிசையாக எட்டு முள்ளங்கிப் பற்கள் நம்மைப் பார்த்துச் சிரிக்கும். அவருடைய கணவர் ரயில் நிலையத்தில் பயணிகள் தவறவிட்ட பொருட்களைப் பாதுகாக்கும் பிரிவில் இருக்கிறார்; எதற்கும் அசராத மனிதர். அவரே ஒருநாள் மாடிப்படியில் என்னை நிறுத்தி, "கடைவாய்ப்பல்லால முதுகு தேய்ச்சுக் குளிக்கிறவன் இந்த உலகத்துலயே நான் ஒருத்தன்தான்," என்றார். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னார்.

அவரும் தன் பங்குக்கு யோசனை கொடுத்திருந்தார். "எதைக் கேட்டாலும் 'டீம்'னு ஒரு வார்த்தையைச் சேர்த்துடு. எங்க ஆபீஸ்ல அப்படித்தான் எல்லாரும் மேல போறாங்க." மகளோ ஒரு தாளில் கட்டளைகள் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டாள். வாயைப் பார்க்காதே, இரண்டு புருவத்துக்கும் நடுவில் பார். யாருடைய பல்லைப் பற்றியும் பேசாதே. 'நான் என்னத்தக் கண்டேன்' என்று சொல்லாதே. கேட்டதற்கு மட்டும் பதில் சொல். இரண்டாவது கட்டளைக்கு அடியில் மூன்று கோடு.

ஒத்திகைக்கு அதிகாரியாக என்னைப் பிடித்துப் போட்டார்கள். சட்டையைக் கால்சட்டைக்குள் செருகச் சொல்லாத குறைதான். சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்து, கையில் கேள்வித்தாளைக் கொடுத்து, சிரிக்கக் கூடாது என்று மகள் எச்சரித்தாள்.

"உங்களுடைய பலம் என்ன?" என்றேன்.

"எதிர் வீட்டுக்காரங்க சொன்ன பேச்சைக் கேப்பாங்க."

"ம்மா!"

"சரி சரி. பொறுமை."

"பலவீனம்?"

"உங்க முன்பல்லுல ஒரு சின்ன விரிசல் இருக்கு சார். ரெண்டு வருஷமா சொல்லணும் சொல்லணும்னு வாயை அடக்கி வெச்சிருக்கேன். அதான் என் பலவீனம்."

மகள் மேசையில் தலையை வைத்துக்கொண்டாள். நான் அன்று மாலை கண்ணாடி முன் நெடுநேரம் நின்றேன். இருந்தது.

ஆறாம் நாள் அவர் எதையும் செதுக்கவில்லை. பின்பக்க மாடத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வழக்கமாக வரும் கிண்டல் வரவில்லை. உலர்த்திய துணியையே மறுபடி எடுத்து உதறினார்.

"நேத்து அந்தக் கூடத்தோட படமெல்லாம் போட்டுக் காட்டினா பொண்ணு. மெழுகே இல்லை சார். எல்லாரும் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்காங்க. பல்லை மௌஸால இழுக்கறாங்க. எல்லாம் பொண்ணு வயசுக்குக் கொஞ்சம் மேல இருக்கிற பசங்க. நான் முள்ளங்கியைச் செதுக்கிக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"போகாம விட்டுடலாமா?" என்று கேட்டு வைத்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில், கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன் என்று தெரிந்தது.

"அதைத்தான் சார் நாலு வருஷமா செஞ்சுக்கிட்டிருக்கேன்," என்றார்.

மறுநாள் மகள் எங்கிருந்தோ பழகிப் பார்ப்பதற்கான ஒரு பல் வரையும் செயலியைப் பிடித்து வீட்டுக் கணினியில் போட்டுக் கொடுத்தாள். முதல் நாள் அவர் செய்த பல் உருளைக்கிழங்குபோல இருந்தது. இரண்டாம் நாள் பூசணிக்காய். மூன்றாம் நாள் மதியம் நான் குட்டித் தூக்கத்தில் இருந்தபோது கதவு படபடவென்று தட்டப்பட்டது.

"சார்! செஞ்ச தப்பைத் திரும்பப் பழையபடி ஆக்கறதுக்கு இதுல ஒரு பொத்தான் இருக்கு சார்! சோப்புல அது கிடையாது!"

வாழ்க்கையில் முதல்முறையாகக் கணினியை மரியாதையோடு பார்த்தார்.

நேர்முகத்தன்று கணவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. யாரோ ரயிலில் விட்டுப்போன கிளிக்கூண்டுக்கு மூன்று பேர் உரிமை கொண்டாடிக்கொண்டிருந்தார்களாம். அதனால் துணைக்கு நான் போனேன். பேருந்தில் வழிநெடுக அவர் புருவத்துக்கு நடுவில் பார்க்கும் பயிற்சியை நடத்துனரிடம் செய்து பார்த்தார். நடத்துனர் இரண்டு முறை நெற்றியைத் தடவிக்கொண்டார்.

வரவேற்பறைக்கும் நேர்முக அறைக்கும் நடுவில் இருந்தது ஒரு பலகைத் தடுப்பு; அது கூரைவரை போகவில்லை. அதனால் உள்ளே நடந்ததற்கு என் காதுகளே சாட்சி. உள்ளே இரண்டு பேர்: கூடத்தின் உரிமையாளரான பல் மருத்துவர் அம்மாள், தொழிற்கூட மேலாளர். மேலாளர் வாயைத் திறந்ததும் எங்கோ தண்ணீர் கொதித்துக் கெண்டி சீட்டியடிக்கிறதென்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன்.

"உக்காருங்க. ஸ்ஸீக்கிரம் முடிச்சுடலாம்."

கெண்டி இல்லை. அவருடைய 'சீ'தான். சகரம் வந்த இடத்திலெல்லாம் மெல்லிய ஒரு சீட்டி கூடவே வந்தது. தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பக்கம் பல்லக்கா எதைப் பிடித்துக்கொண்டாரோ தெரியவில்லை.

முதல் பத்து நிமிடம் பிரமாதமாகப் போனது. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். இரண்டு முறை 'டீம்' வந்தது. பிறகு மருத்துவர் அம்மாள் அந்தக் கேள்வியைக் கேட்டார்: இத்தனை வருடம் என்ன செய்தீர்கள்?

"குடும்பப் பொறுப்புகளைத் திறம்பட நிர்வகித்த இக்காலகட்டத்தில், நேர மேலாண்மை..." என்று தொடங்கியவர் நின்றுவிட்டார். பிறகு வேறு குரலில், "பொண்ணு எழுதிக் குடுத்தது மறந்துபோச்சு மேடம். உண்மையைச் சொல்லிடட்டுமா?" என்று கேட்டார்.

"சொல்லுங்க."

"முதல்ல குழந்தை. அப்புறம் மாமனாருக்கு இடுப்பு. கடைசி நாலு வருஷம் வீட்டுல யாருக்கும் ஒண்ணும் இல்லை. எனக்குத்தான் பயம். போனா வேண்டாம்னு சொல்லிடுவாங்களோன்னு போகவே இல்லை."

இதை இந்த மனிதர்களிடம்தான் முதல்முதலாக வாய்விட்டு முழுசாகச் சொல்கிறார் என்று எனக்குப் பட்டது. மேலாளர் தொண்டையைச் செருமினார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் கூடத்தை நடத்துகிறவர்.

"அதுதான்மா ஸிக்கல். பதிமூணு வருஷம்னா ஸும்மாவா? கையும் கண்ணும் மழுங்கிப் போயிருக்கும். தப்பா நினைக்காதீங்க, நிஜத்தைச் ஸொல்றேன்."

குளிர்பெட்டிக் கதவில் மகள் போட்ட மூன்று கோடும் அந்த நொடியில் அழிந்துபோயிருக்க வேண்டும்.

"சார், நீங்க போட்டிருக்கிறது மேல் வரிசை முழு செட்டு. செஞ்சு ரெண்டு வருஷம் இருக்கும். பல்லு வரிசை அழகா இருக்கு, நிறமும் உங்க முகத்துக்குப் பொருத்தம். ஆனா முன்பல்லுக்குப் பின்னாடி, அண்ணத்துல தேவையைவிட மெல்லிசா விட்டுட்டாங்க. காத்து அந்த வழியா ஓடுது. அதான் சீட்டி. யாரு செஞ்சதுன்னு தெரியலை, கெட்டிக்காரர்தான். ஆனா கடைசி நேரத்துல அவசரப்பட்டிருக்காரு."

உள்ளே ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

"நான்தான் ஸெஞ்சேன்," என்றார் மேலாளர்.

நான் எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். வெளியே வந்ததும் அழுதால் என்ன சொல்வது, அழாவிட்டால் என்ன சொல்வது என்று இரண்டையும் தயார் செய்தேன். அப்போது ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. மருத்துவர் அம்மாள். அடக்கி அடக்கிப் பார்த்து முடியாமல் வெடித்த சிரிப்பு.

"ரெண்டு வருஷமா இந்தக் கூடத்துல இருக்கிற அத்தனை பேரும் சொல்லப் பயந்துக்கிட்டிருக்கோம்," என்றார் அவர் மூச்சு வாங்கியபடி. "சரிபண்ண முடியுமா உங்களால?"

"கொஞ்சம் மெழுகும் ஒரு சின்ன விளக்கும் இருந்தா, இப்பவே பார்த்துடலாம் மேடம். சாருக்கு ஆட்சேபணை இல்லைன்னா."

சாருக்கு ஆட்சேபணை இருந்தது. நிறையவே இருந்தது. ஆனால் முதலாளி எதிரில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர்க் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. மேலாளர் ஏதோ சொன்னார். வாயில் பல் இல்லாததால் என்ன சொன்னார் என்று விளங்கவில்லை, வாழ்த்து இல்லை என்பது மட்டும் விளங்கியது. ஏழெட்டு நிமிடம் யாரும் பேசவில்லை. நாலாவது மேடு என்று நினைத்து நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"இப்பப் போட்டுக்கிட்டுச் சொல்லுங்க சார். சைக்கிள்."

"சைக்கிள்."

"சீப்பு. சந்தோஷம்."

"சீப்பு. சந்தோஷம்." குரலில் ஒரு திகைப்பு.

"சிபாரிசு."

"சிபாரிசு," என்றார் மேலாளர். பிறகு யாரும் கேட்காமலேயே தனக்குள், "சீக்கிரம். சிக்கல். சும்மா," என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அதற்குப் பிறகும் கணினியில் ஒரு பல் வரையச் சொன்னார்கள். அது பூசணிக்காய்க்கும் பல்லுக்கும் நடுவில் வந்து நின்றது என்று அவரே ஒப்புக்கொண்டார். தகவல் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள்.

வீட்டில் மகள் கதை முழுவதையும் கேட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "உனக்கு வேலை குடுக்கப்போற மனுஷனோட வாயிலேயே கை வெச்சுட்டு வந்திருக்கியேம்மா!"

"கை வைக்கலைடி. அவரே கழட்டித்தான் குடுத்தாரு."

கணவர் மட்டும் கேட்டார்: "டீம்னு சொன்னியா?"

பதினோரு நாள் ஒரு தகவலும் இல்லை. அந்த நாட்களில் அவர் கிண்டலெல்லாம் செய்தார், ஆனால் எதிராளியின் வாயைப் பார்த்துச் செய்யவில்லை. எதிர்ச்சுவரைப் பார்த்துச் செய்தார். சோப்புகள் சோப்பாகவே கரைந்தன. முதல் மாடிக் குழந்தை கொண்டு வந்த பால்பல்லை வாங்கிப் பார்த்து, "நல்லா இருக்கு," என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். குழந்தை ஏமாந்து போனது.

பன்னிரண்டாம் நாள் காலையில் நான் அங்கே கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி ஒலித்தது. அவர் எடுத்து, "யாருங்க பேசறது?" என்றார். இரண்டு முறை கேட்டார். குரல் பிடிபடவில்லை. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு, "ஐயோ சார், அடையாளமே தெரியலை சார்!" என்று கத்தினார். மேலாளர்தான். சீட்டி இல்லாமல் பேசினால் யாருக்கு அடையாளம் தெரியும்? மெழுகு கரைவதற்குள் மருத்துவர் அம்மாள் புது செட்டுக்கு அளவெடுத்துவிட்டாராம். அது தயாராகட்டும், போட்டுக்கொண்டு தன் வீட்டில் எல்லோரிடமும் பேசிப் பார்த்துவிட்டுக் கூப்பிடலாம் என்று மேலாளர் காத்திருந்தாராம். முதல் மூன்று மாதம் வேலையில் வைத்துப் பார்ப்பார்கள்; கணினி வேலையை ஒரு பையன் சொல்லித் தருவான்; மெழுகு வேலையை இவர் அவனுக்குச் சொல்லித் தர வேண்டும். திங்கட்கிழமை காலை எட்டரைக்கு வரவேண்டும்.

கைப்பேசியை வைத்துவிட்டு அவர் அடுப்பங்கரைக்குள் போனார். குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது. பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும் கேட்கவில்லை. நான் கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை ஏழு மணிக்குச் செய்தித்தாள் எடுக்கக் கதவைத் திறந்தேன். எதிர் வீட்டுக் கதவும் திறந்தது. தோளில் பையும், வாரிக் கட்டிய தலையுமாகப் பல்லக்கா வெளியே வந்து கதவை மெல்லச் சாத்தினார். சாத்திய கதவுக்கு உள்ளேயிருந்து கணவரின் குரல் வந்தது.

"இங்க பாரு, என் நீலச் சட்டையை எங்க வெச்சே?"

அதன் மேலேயே மகளின் குரல்: "ம்மா! இஸ்திரிப் பெட்டி சூடாக மாட்டேங்குது!"

அவர் நின்றார். கை, பழக்கத்தில், கதவுப் பிடிக்குப் போனது. பிடியைத் தொடுமுன் என்னைப் பார்த்துவிட்டார். இந்தத் தடவை வாயை இல்லை, கண்ணை. உதட்டின் மேல் ஒரு விரலை வைத்தார். பிறகு குனிந்து, குதிகால் சத்தம் போடும் செருப்பிரண்டையும் கழற்றி இடது கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.